மரணப்படுக்கையில் டார்வின் மனந்திரும்பினாரா?

பரிணாமவாதத்தை உலகிற்கு அளித்த சார்லஸ் டார்வின், தம் இறுதி வேளையில் வேதபுத்தகத்தைக் கையில் ஏந்தி, தாம் எழுதியவை யாவும் பிழை என்று கண்ணீரோடு அறிக்கையிட்டு, இரட்சகரை ஏற்றுக்கொண்டு கண்மூடினார் என்னும் கதையை, களியக்காவிளை தொடங்கி ஆரல்வாய்மொழி வரையில் கன்வென்ஷன் பந்தல் எழும்பும் ஊர்களிலெல்லாம் ஒலிபெருக்கியின் வழியாகக் கேட்டுக் கேட்டு என் செவிகள் புளித்துப்போயின. முன்பு அது துண்டுப்பிரதியாக வந்தது. இப்பொழுது வாட்ஸ்அப்பில் வருகிறது. கல்லூரியில் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவனும், சபைப் பதிவேட்டில் ஞானஸ்நான நாள் முதலாகப் பெயருள்ளவனுமாகிய என்னை ஆராதனை முடிந்து வெளியே வருகையில் வழிமறித்து, “சாரே, உங்க டார்வினே கடைசியில மனந்திரும்பிட்டாரு, தெரியுமா?” என்று வெற்றிப் புன்னகையோடு கேட்பவர்கள், ஏதோ நான் அவருடைய நெருங்கிய உறவினன் போலவும், துக்கச் செய்தியும் நற்செய்தியும் கலந்த ஒன்றை எனக்கு அறிவிக்க வந்தவர்கள் போலவும் நிற்கிறார்கள். 2011ஆம் ஆண்டின் குடிமதிப்பின்படி நூற்றுக்கு ஏறத்தாழ 47 பேர் கிறிஸ்தவர்களாக உள்ள ஒரு மாவட்டத்தில், அவர்களுள் பெரும்பாலோர் எழுத்தறிவு பெற்றவர்களாக இருக்க, இந்தக் கதை இவ்வளவு சௌக்கியமாக உலவுவது எனக்கு ஆச்சரியத்தையும், மறைப்பானேன், கோபத்தையும் உண்டாக்குகிறது.

கதையின் பிறப்பிடத்தை முதலில் பார்ப்போம். டார்வின் இங்கிலாந்தின் அன்று கென்ட் மாகாணத்திலிருந்த டௌன் கிராமத்தில், தம் இல்லத்தில், 1882 ஏப்ரல் 19ஆம் நாள் காலமானார். கதையோ 1915ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், அதாவது அவர் மறைந்து 33 ஆண்டுகள் கழிந்த பின்னர், அட்லாண்டிக் சமுத்திரத்திற்கு அப்பால், அமெரிக்காவில் வெளிவந்த ‘வாட்ச்மன் எக்ஸாமினர்’ என்னும் பாப்டிஸ்டு பத்திரிகையில் முதன்முறையாக அச்சேறியது. நார்த்ஃபீல்டு என்னும் ஊரில் நடந்த சுவிசேஷ மாநாட்டில் லேடி ஹோப் என்ற ஆங்கிலச் சீமாட்டி சொன்ன சாட்சி அது. இலையுதிர் காலத்து மாலை ஒன்றில் தாம் டார்வினைக் காணச் சென்றதாகவும், அவர் சன்னலோரம் படுத்தவாறு எபிரெயருக்கு எழுதின நிருபத்தை வாசித்துக்கொண்டிருந்ததாகவும், சிருஷ்டியைப் பற்றிப் பேச்சு எழுந்தவுடன் கைவிரல்கள் நடுங்க, தாம் பக்குவமடையாத கருத்துகளை உடைய இளைஞனாக இருந்தபோது சொன்னவற்றை ஜனங்கள் ஒரு மதமாகவே ஆக்கிவிட்டார்கள் என்று வருந்தியதாகவும், தோட்டத்துக் கோடைக் குடிலில் வேலையாட்களையும் அயலாரையும் கூட்டி இயேசுவைப் பற்றிப் பேசும்படி தம்மைக் கேட்டுக்கொண்டதாகவும் அந்த அம்மையார் கூறினார்.

இதைக் கவனமாக வாசிப்பவர்களுக்கு இரண்டு விஷயங்கள் உடனே புலப்படும். அம்மையாரின் கதையில் மரணப்படுக்கையே இல்லை. அது இலையுதிர் காலத்தில் நடந்ததென்றால், ஏப்ரலில் நிகழ்ந்த மரணத்திற்குச் சில மாதங்களேனும் முந்தியது. கண்ணீரும் அறிக்கையும் அதில் இல்லை. அவை பின்வந்த பிரசங்கிமார் தம் சொந்தச் செலவில் சேர்த்தவை. இரண்டாவது, “பக்குவமடையாத இளைஞன்” என்ற பேச்சு. டார்வின் பிறந்தது 1809, அதாவது நம் மயிலாடியில் மிஷனரி ரிங்கல்தௌபே ஐயர் ஆலயம் எழுப்பிய அதே ஆண்டு. ‘உயிரினங்களின் தோற்றம்’ வெளிவந்தது 1859 நவம்பர் மாதம். ஐம்பது வயதுக் குடும்பஸ்தர், இருபது ஆண்டுகள் தம் மேசைக்குள்ளேயே வைத்துப் பூட்டி, பார்னக்கிள் முதல் புறா வரையில் ஆராய்ந்து ஆராய்ந்து சரிபார்த்து வெளியிட்ட ஒரு கிரந்தத்தை இளமைத் துடுக்கு என்று அவரே சொல்லியிருப்பாரா?

இந்த லேடி ஹோப் யார் என்பதை அறிந்தால் தமிழ் வாசகர் சற்றே நிமிர்ந்து உட்காருவர். கொள்ளிடத்தின் தலைப்பில், முக்கொம்பில், 1836இல் அணை கட்டத் தொடங்கித் தஞ்சைத் தரணியின் வயல்களைக் காப்பாற்றியவரும், பின்னர் கோதாவரியில் தவளேசுவரம் அணையைக் கட்டி ஆந்திரரின் இல்லங்களில் இன்றும் வணங்கப்படுபவருமான சர் ஆர்தர் காட்டன் துரையின் மகள், எலிசபெத் காட்டன், அவர்தாம். 1877இல் அட்மிரல் ஜேம்ஸ் ஹோப்பை மணந்து லேடி ஹோப் ஆனார். மதுவிலக்குப் பிரசாரம் செய்து, குடிகாரர்களுக்காகக் காபிச்சாலை நடத்தி, தந்தையின் வரலாற்றையும் எழுதிய இந்த மாதரசியை ஒரேயடியாகப் பொய்யர் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அவர் அந்த வீட்டிற்கு ஒரு முறை போயிருக்கக்கூடும் என்று, இந்த விஷயத்தை ஒரு நூல் அளவுக்குத் துருவி ஆராய்ந்த ஜேம்ஸ் மூர் என்னும் சரித்திர ஆசிரியரே ஒப்புக்கொள்கிறார். ஆனால் சந்திப்பு வேறு, மனந்திரும்புதல் வேறு. தந்தை கட்டிய அணை நெடுங்காலம் நின்றது என்பதற்காக மகள் கட்டிய கதையும் நிற்க வேண்டும் என்ற நியதி இல்லை.

டார்வினின் மகள் ஹென்ரியட்டா 1922 பிப்ரவரியில் லண்டனின் ‘கிறிஸ்டியன்’ என்னும் சஞ்சிகைக்கு எழுதி, தந்தையின் மரணப்படுக்கையருகே தாம் இருந்ததாகவும், அந்த நோயிலோ வேறெந்த நோயிலோ லேடி ஹோப் அங்கு வந்ததே இல்லை என்றும், தந்தை தம் விஞ்ஞானக் கொள்கைகளில் எதையும் எக்காலத்திலும் திரும்பப் பெறவில்லை என்றும் திட்டவட்டமாக மறுத்தார். மறுப்பு வெளியான இடத்தைக் கவனியுங்கள்: அது நாஸ்திகப் பத்திரிகை அன்று, கிறிஸ்தவப் பத்திரிகை. மகன் ஃபிரான்சிஸும் மறுத்தார். பிள்ளைகளின் பேச்சை விட்டுவிடலாம் என்பார் உண்டானால், மனைவியை நினைக்கட்டும். எம்மா டார்வின் ஆழ்ந்த பக்தியுள்ளவர். கணவரின் அவிசுவாசம் மறுமையில் தங்களைப் பிரித்துவிடுமோ என்று மணவாழ்வின் தொடக்கத்திலேயே அவருக்குக் கடிதம் எழுதி அஞ்சியவர். கணவர் எழுதிவைத்த சுயசரிதையை மரணத்திற்குப் பின் வெளியிடும்பொழுது, மதத்தைப் பற்றிய கடுமையான பகுதிகளை நீக்கும்படி செய்தவர். அப்பகுதிகளைப் பேத்தி நோரா பார்லோ 1958இல்தான் மீண்டும் சேர்த்துப் பதிப்பித்தார். கணவரின் அவிசுவாசத்தை உலகம் அறியாதபடி மூடி மறைக்க அவ்வளவு பாடுபட்ட அந்த மாதுக்கு, அவர் மனந்திரும்பினார் என்னும் பாக்கியச் செய்தி மட்டும் கிடைத்திருந்தால், அதை மாடத்தில் ஏறி நின்று கூவியிருக்கமாட்டாரா? முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் ஒரு விருந்தாளி வந்து சொல்லும் வரையில் காத்திருந்திருப்பாரா?

டார்வினின் சொந்தக் கையெழுத்தும் உள்ளது. மரணத்திற்கு ஒன்றரை ஆண்டுகளுக்கு முன், 1880 நவம்பர் 24ஆம் நாள், தம்மை நேராக வினவிய ஒருவருக்கு, வேதாகமத்தைத் தெய்வீக வெளிப்பாடாகவோ இயேசுவைத் தேவகுமாரனாகவோ தாம் நம்பவில்லை என்பதை வருத்தத்தோடு, ஆனால் ஒளிவுமறைவின்றி அவர் எழுதினார். அதே மனிதர், தென்னமெரிக்காவின் தெற்குமுனையில் ஊழியம் செய்த மிஷனரி சங்கத்திற்குச் சந்தா அனுப்பினார். தம் கிராமத்திற்கு வந்து குடிகாரர்களைத் திருத்திய ஃபெகன் என்ற சுவிசேஷகருக்கு ஊர் வாசகசாலையை விட்டுக்கொடுத்து ஆதரித்தார். அவர் இறந்ததும் இங்கிலாந்துத் திருச்சபை, அவருடைய அபிப்பிராயங்களை அறிந்திருந்தும், வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் நியூட்டனின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தது. நம் சபையார் சிலருக்கு இல்லாத துணிவு அந்தத் திருச்சபையாருக்கு இருந்தது.

இன்னும் ஒன்று கேட்கிறேன். அந்தக் கதை மெய்யாகவே இருந்துவிட்டால் என்ன? கலீலியோ சபை நீதிமன்றத்தின் முன் முழந்தாளிட்டுத் தம் கருத்தைக் கைவிட்டார். அதனால் பூமி சுழல்வதை நிறுத்திக்கொண்டதா? ஒரு கொள்கையின் உண்மை அதை முதலில் சொன்னவரின் கடைசி மூச்சைப் பொறுத்ததன்று. விஞ்ஞானத்திற்கு வேண்டாத சாட்சியை விசுவாசத்திற்கு வேண்டியதாக்கி, இறந்துபோன ஒருவரின் வாயில் அவர் சொல்லாத வார்த்தைகளைப் போட்டு, அதை மேடையிலிருந்து ஜனங்களுக்கு ஊட்டுவதற்குப் பெயர் பொய்ச்சாட்சி. சீர்திருத்த சபையாரின் கணக்கில் அது ஒன்பதாம் கட்டளைக்கு விரோதம். கோட்டாற்றுக் கத்தோலிக்கரின் கணக்கில் எட்டாம் கட்டளைக்கு விரோதம். எண்ணிக்கையில் நாம் வேறுபட்டாலும் பாவத்தில் வேறுபாடில்லை. கடவுளுக்காகப் பொய் சொல்வது கடவுளுக்கு அவமரியாதை என்பதை, யோபுவின் கதையைப் பிரசங்கிக்கிறவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

கற்பித டார்வினைவிட உண்மை டார்வின் விசுவாசிக்கு எவ்வளவோ பயன்படுபவர். கேம்பிரிட்ஜில் குருவானவராக வேண்டும் என்ற எண்ணத்தோடு படித்த அவர் விசுவாசத்தை இழந்தது, பலர் நினைப்பதுபோல் கலாபகோஸ் தீவின் குருவிகளால் அன்று. அவிசுவாசிகளுக்கு நித்திய நரகம் என்ற உபதேசத்தை, தம் தந்தையையும் தமையனையும் நினைத்து, அவரால் சகிக்க முடியவில்லை. 1851இல் பத்து வயது மகள் ஆனி நோயில் துடித்து இறந்தாள்; அந்தக் காயம் ஆறவே இல்லை. 1860இல் அமெரிக்கத் தாவரவியல் பேராசிரியர் ஏசா கிரேக்கு எழுதிய கடிதத்தில், உயிருள்ள புழுவின் உடலுக்குள்ளிருந்து அதைத் தின்று வளரும்படி குளவிகளை அன்பே உருவான கடவுள் வேண்டுமென்றே படைத்திருப்பாரா என்று கேட்டார். அக்குளவிகளின் பங்காளிகளை நாம் அறிவோம். தென்னையைக் கெடுக்கும் கருந்தலைப் புழுவை ஒழிக்க வேளாண்மைத் துறையார் வளர்த்துத் தோப்புகளில் விடுகிற ஒட்டுண்ணிக் குளவிகள் அந்தக் குலத்தைச் சேர்ந்தவையே. இது கனமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லப் புகுந்தால் யோபுவையும், சிருஷ்டி முழுவதும் வேதனையில் தவிப்பதாகப் பவுல் ரோமருக்கு எழுதும் எட்டாம் அதிகாரத்தையும், சிலுவையையும் பற்றிப் பேச வேண்டிவரும். ஆதாமுக்கு முன்பே மரணம் உலகில் இருந்ததென்றால் வீழ்ச்சியைப் பற்றிய உபதேசத்தை எவ்வாறு விளங்கிக்கொள்வது என்பதும் மெய்யான இடர்ப்பாடே; வேதசாஸ்திரிகள் அதில் இன்னும் ஒருமுகப்படவில்லை. அதைப் பற்றி எவரேனும் பிரசங்கிப்பதாயின் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்க நான் தயார்.

அந்த ஏசா கிரே, ஹார்வர்டின் தாவரவியலார், திருவிருந்து தவறாத விசுவாசி. டார்வினின் கொள்கையை அமெரிக்காவில் நிலைநாட்டியவர். ஒருவர் உறுதியான ஆஸ்திகராகவும் பரிணாமவாதியாகவும் ஒருங்கே இருக்கலாம் என்பதில் தமக்குச் சந்தேகமே இல்லை என்று 1879இல் டார்வின் எழுதியபோது, எடுத்துக்காட்டாகச் சொன்ன இருவருள் கிரே ஒருவர். மற்றவர் சார்லஸ் கிங்ஸ்லி என்னும் குருவானவர். பரிணாமத்திற்கு இன்றியமையாத மரபியலைப் பட்டாணிச் செடியில் கண்டுபிடித்த மெண்டல் அகுஸ்தீனார் சபைத் துறவி. (எலும்புகளையும் மீன்களையும் பற்றி விலங்கியல்காரர்கள் எழுதிக்கொள்ளட்டும், எங்கள் துறைக்குக் கிரே, மெண்டல் இருவரே போதும்.)

மற்ற மூடநம்பிக்கைகளுக்கு அதிக இடம் கொடுக்க விரும்பவில்லை.

குரங்கிலிருந்து மனிதன் வந்தானென்றால் குரங்கு ஏன் இன்னும் இருக்கிறது? இன்றுள்ள குரங்கிலிருந்து வந்தான் என்று யாரும் சொல்லவில்லை. இருவருக்கும் பொதுவான மூதாதை உண்டு என்பதே கொள்கை. தென்னாட்டு மொழிகள் ஒரே மூலத்தினின்றும் கிளைத்தவை என்று இடையன்குடியில் ஊழியம் செய்த கால்டுவெல் ஐயர் 1856இல் நிறுவினார். அதற்காக, மலையாளம் வந்த பிறகும் தமிழ் ஏன் இன்னும் இருக்கிறது என்று களியக்காவிளைச் சந்தையில் எவரும் கேட்கக் காணோம்.

பூமிக்கு வயது ஆறாயிரம் ஆண்டு என்பது? அது வேதத்தில் இல்லை. வம்ச வரலாறுகளைக் கூட்டிக் கழித்து, சிருஷ்டி கி.மு. 4004இல் நிகழ்ந்தது என்று 1650இல் கணித்தவர் அயர்லாந்தின் ஆர்ச்பிஷப் அஷர். ஆங்கில வேதபுத்தகங்களின் ஓரத்தில் அந்த ஆண்டுகளை அச்சிட்டதால் வசனமே என்று ஜனங்கள் மயங்கினர். சந்தேகமுள்ளவர்கள் மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்குப் போகட்டும். 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் கண்டறிந்த மோனசைட் அங்கே காலடியில் கிடக்கிறது. அதிலுள்ள தோரியம் பாதியாகக் குறைய ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டு பிடிக்கும். அது சிதைந்து ஈயமாக மாறும் அளவைக் கொண்டு காலத்தைக் கணித்தால், நம் பகுதிப் பாறைகளிலுள்ள மோனசைட் மணிகள் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவானவை என்று தெரிகிறது. கர்த்தர் எழுதிய புத்தகம் ஒன்றல்ல, இரண்டு என்று பழைய ஆசாரியர்கள் சொன்னதுண்டு. இரண்டாவதை நாம் மிதித்துக்கொண்டு நடக்கிறோம்.

திருச்சபை எக்காலத்திலும் பரிணாமத்தை எதிர்த்தது என்பது நம் பகுத்தறிவு நண்பர்களின் வதந்தி. அவர்களும் தப்ப முடியாது. பரிணாமத்தை ஒப்புக்கொண்டு 1884இல் விரிவுரைகள் ஆற்றிய ஃபிரெடரிக் டெம்பிள் 1896இல் கான்டர்பரி ஆர்ச்பிஷப் ஆனார். போப்பாண்டவர் பன்னிரண்டாம் பியஸ், ஆத்துமா கடவுளால் நேரே படைக்கப்படுகிறது என்பதை நிலைநிறுத்திக்கொண்டு, சரீரத்தின் தோற்றத்தை ஆராய 1950இல் அனுமதித்தார். இரண்டாம் ஜான் பால் 1996இல் பரிணாமக் கொள்கை வெறும் ஊகத்தின் நிலையைக் கடந்துவிட்டது என்றார். இவர்களுக்கெல்லாம் வெகுகாலம் முன்னரே, சூரியன் நான்காம் நாளில்தான் படைக்கப்பட்டதென்றால் முதல் மூன்று நாட்கள் எத்தகைய நாட்கள் என்று ஆதிச்சபை ஆசாரியர் ஓரிஜன் கேட்டார். இயற்கையைப் பற்றி அறியாமையோடு பேசி வேதத்தை அவிசுவாசிகளின் நகைப்புக்கு இடமாக்கும் கிறிஸ்தவர்களை அகுஸ்தீனார் கடிந்துகொண்டார். டார்வின் கூற்று பிழை என்று 2018இல் மத்திய மந்திரி ஒருவர் முழங்கியதும், 2023இல் என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமப் பாடம் கழன்று போனதும், இந்த நோய் நம் சபைக்கு மட்டும் உரியதன்று என்று காட்டுகின்றன. நல்லவேளையாக, தமிழ்நாட்டுப் பாடநூலில் அது இருக்கிறது.

கடைசியாக வாழைப்பழம். கைக்கு அடங்கும் வடிவம், உரிக்க எளிய தோல், விதையற்ற சதை இவற்றைக் காட்டி, இது மனிதனுக்கென்றே சிருஷ்டிகரின் கையால் நேரே செய்யப்பட்டது என்று அமெரிக்காவில் ஊழியம் செய்யும் பிரசங்கியார் ஒருவர் நிரூபிக்கப் புகுந்த காட்சியைக் கைப்பேசியில் எனக்குக் காட்டாதவர்கள் குறைவு. வாழை என் துறை. ஆகையால் இதில் எவருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன். காட்டு வாழையின் பழத்தில் சதை கொஞ்சம், பல்லை உடைக்கும் விதை அதிகம். மூசா அக்குமினேட்டா, மூசா பல்பிசியானா என்னும் இரண்டு காட்டினங்களிலிருந்தும், அவற்றின் கலப்பிலிருந்தும், விதையற்றதைக் கண்டு கண்டு கன்று பெயர்த்து நட்ட குடியானவர்களின் கையில் உருவானவையே நம் ரகங்கள். மட்டியில் முதல் இனத்தின் குரோமோசோம் தொகுதி இரண்டு, செந்துளுவனில் மூன்று, நேந்திரனில் முதல் இனத்தினது இரண்டும் மற்றதினது ஒன்றும், பேயனில் முன்னதினது ஒன்றும் பின்னதினது இரண்டும். மூன்று தொகுதி உள்ளவற்றில் அவை சரிசமமாகப் பிரிய முடியாமையால் விதை பிடிப்பது அரிது. சிருஷ்டிகர் தம் வேலையில் ஒரு பங்கைக் காலத்திற்கும், ஒரு பங்கை நாஞ்சில் நாட்டு விவசாயிக்கும் விட்டுக்கொடுத்தார் என்று கொள்வதில் அவருக்கு என்ன குறைவு வந்துவிடும் என்பது எனக்கு விளங்கவில்லை. பூமியை நோக்கி உயிர்களைப் பிறப்பிக்கும்படி அவர் கட்டளையிட்டதாகத்தானே ஆதியாகமமும் சொல்கிறது?

ஆனால் கன்றால் மட்டும் பெருகுகிற பயிருக்கு ஒரு ஆபத்து உண்டு. ஒரு தோட்டத்து வாழையெல்லாம் ஒரே உடலின் நகல். வேறுபாடு இல்லாத இடத்தில் இயற்கைத் தேர்வுக்கு வேலை இல்லை. நோய் வந்தால் எல்லாம் ஒருசேரப் போகும். உலகச் சந்தையை ஆண்ட குரோஸ் மிஷேல் ரகம் சென்ற நூற்றாண்டின் நடுவில் வாடல் நோயால் அவ்வாறே வீழ்ந்தது; அதன் இடத்தைப் பிடித்த கேவண்டிஷையும் இப்பொழுது அந்நோயின் புதிய வகை துரத்துகிறது. நமக்கு அரண் ரகங்களின் பன்மையே. மட்டி, சிங்கன், பேயன், துளுவன், செந்துளுவன், பாளையங்கோட்டான், ரசகதலி என்று ஒரே விளையில் நின்ற காலம் போய், கண்ணுக்கெட்டிய தூரம் நேந்திரன் மட்டுமே நிற்கிற விளைகள் பெருகிவருகின்றன. குழந்தைகளுக்கு முதல் உணவாக மசித்துக் கொடுக்கும் நம் மட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது என்று பெருமை பேசுகிறோம். எத்தனை வீட்டுப் புறக்கடையில் அது நிற்கிறது?

ஆகவே சபையாருக்கு என் விண்ணப்பம் இது. அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வந்து ஏலத்திற்குப் போகிற குலைகளோடு, ஒவ்வொரு பழைய ரகத்தின் கன்றுகளையும் கொண்டுவரச் செய்யுங்கள். ஆலய வளாகத்தில் சிமெண்டுக் கற்கள் பதிக்காமல் எஞ்சியிருக்கும் மண்ணில் ரகத்திற்கு இரண்டாக நடுங்கள். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் அவற்றின் பெயரைச் சொல்லிப் பழகட்டும். எங்கள் சபைக் கமிட்டியில் இதைச் சொன்னபோது, பேயன் கன்று ஏலத்தில் விலை போகாது என்றார்கள். போகாவிட்டால் முழுவதையும் நானே எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.